பி.எஃப்., பென்ஷன் பிடித்தம்: தொழிலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிடலாமா?

கேள்வி:
திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். அறுபது பேருக்கு மேல் வேலை செய்வதால் பி.எஃப். சட்டம் எங்களுக்குப் பொருந்துகிறது. ஆனால் புதிதாகச் சேரும் தையல்காரர்களில் பலர், "பிடித்தம் வேண்டாம், முழுச் சம்பளத்தையும் கையில் கொடுத்துவிடுங்கள்" என்றே கேட்கிறார்கள். சென்ற வாரம் ஓர் அக்கா, 12,000 ரூபாயில் 1,440 போய்விட்டால் வாடகைக்கு என்ன செய்வேன் என்று கேட்டு, சம்பளச் சீட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அவர் உழைத்த பணத்தை அவர் வேண்டாம் என்றும் பிடிப்பது நியாயமா?

பதில் 1:
அந்த அக்காவுக்கு முதலில் கணக்கை முழுதாக விளக்குங்கள். அவரிடம் பிடிக்கும் 1,440 ரூபாயும் அவருடைய பி.எஃப். கணக்கிலேயே சேர்கிறது. பென்ஷன் நிதிக்குப் போவது முதலாளி தன் பங்காகப் போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம், அதாவது ஏறக்குறைய 1,000 ரூபாய். மத்திய அரசும் 1.16 சதவீதம் சேர்க்கிறது. விரும்பியவர் மட்டும் சேரலாம் என்றால், "எனக்கு விருப்பமில்லை" என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலை என்பார்கள். வாசலில் வேலைக்கு நிற்பவர் அதில் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்? ஆகவே கட்டாயம் வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பதில் 2:
என் தங்கையின் கணவரும் பிடித்தம் வேண்டாம் என்று கேட்டவர்தான். நூற்பாலையில் சேர்ந்த எட்டாவது மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். பணியில் இருக்கும்போது இறப்பவர் ஒரு மாதச் சந்தா செலுத்தியிருந்தாலே மனைவிக்கு ஓய்வூதியம் உண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை தனியாக உண்டு என்பது அதன் பிறகே எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் ஆதாரில் இருந்த பெயரும் பி.எஃப். கணக்கில் இருந்த இனிஷியலும் பொருந்தாமல் ஐந்து மாதம் அலைந்தோம். ஐயா, புதிதாகச் சேருபவர்களின் பெயரையும் நாமினியையும் முதல் மாதமே சரிபார்த்துவிடுங்கள்.

பதில் 3:
கட்டாயம் சரியே, ஆனால் கட்டாயப்படுத்துகிறவர்கள் கொடுப்பது என்ன என்பதையும் பார்க்க வேண்டும். அந்த அக்கா பத்து ஆண்டுகள் வேலை செய்து, சராசரிச் சம்பளம் 12,000 ஆகவே இருந்தால், அதை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்கும் விதிப்படி 58 வயதில் மாதம் சுமார் 1,714 ரூபாய் கிடைக்கும். விலைவாசிக்கேற்ப அது உயர்வதும் இல்லை. குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று 2014இல் வைத்தார்கள். அதை வைத்து ஒரு முதியவர் மாத்திரை கூட வாங்கி முடிக்க முடியாது. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, திருமணம், பிரசவம் என்று, பென்ஷனுக்குத் தேவையான பத்து ஆண்டு நிறையும் முன்பே வேலையை விடும் பெண்கள் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுவதுதான். எடுத்தால் அந்த ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். அதற்குப் பதில், வேலை செய்த ஆண்டுகளைப் பதிந்து தரும் திட்டச் சான்றிதழை வாங்கி வைத்தால், பின்னர் வேறு நிறுவனத்தில் சேரும்போது பழைய ஆண்டுகளும் சேர்ந்துகொள்ளும். அந்த அக்காவிடம் இதை இப்போதே சொல்லுங்கள். வேலையை விட்டுப் போகும் நாளில் கேட்டுக்கொள்ள அவருக்கு நேரம் இருக்காது.