பினாங்கு ஆயர் ஈத்தாமில் முதியோர் பகல் பராமரிப்பு மையத்தில் வேலை: சேரலாமா?

பாயான் லெப்பாஸ் வாசகி:
வணக்கம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு தாங்கவில்லை, விட்டுவிட்டேன். இப்போது ஆயர் ஈத்தாமில் ஒரு முதியோர் பகல் பராமரிப்பு மையத்தில் ஆள் கேட்கிறார்கள். முன் அனுபவம் வேண்டாமாம். மாமியாரைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டவள் நான்தான், அதனால் அருவருப்பெல்லாம் கிடையாது. தூக்கி விடும்போது யாரையாவது கீழே விட்டுவிடுவேனோ என்றுதான் பயம். இந்த வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்களேன்.

ஜெலுத்தோங் அக்கா:
தங்கச்சி, நானும் இதே வேலைதான். மனசாரச் சொல்கிறேன், சேருங்கள்.

முதலில் உங்கள் பயம். யாரையும் தூக்கவே கூடாது. பக்கவாதம் வந்தவரை நாற்காலியிலிருந்து மாற்றும்போது, வீல்சேரை அவருடைய தெம்பான பக்கம் ஒட்டிப் போடுங்கள். இரண்டு பிரேக்கும் விழுந்திருக்கிறதா, கால் மிதி மடங்கியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். அவரை நாற்காலி நுனிக்கு நகர்த்தி, பாதங்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்து வைத்து, முன்னால் குனியச் சொல்லுங்கள். குனிந்தாலே இடுப்பு எழும்பிவிடும். நீங்கள் பலவீனமான பக்கம் நின்று, பிடித்துக்கொள்வதற்காக அவர் இடுப்பில் கட்டிவிடும் பட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அக்குளில் கை கொடுத்து இழுப்பதை யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். வாதம் வந்த தோள் லேசில் நழுவும்.

உண்மையான கஷ்டம் மூன்று மணிக்கு மேல்தான். எங்களிடம் வரும் ஒரு தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர், இப்போது மறதி நோய். பொழுது சாயத் தொடங்கினால் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், "ஃபெரி போயிடும், பூட்டைத் திற" என்பார். "நீங்க ரிட்டையர் ஆயிட்டீங்க தாத்தா" என்றால் கை ஓங்கிவிடுவார். "பட்டர்வொர்த்துக்கா? நானும் வரேன்" என்று கூடவே நடந்தால், வராந்தாவைச் சுற்றி வருவதற்குள் கப்பல், மூட்டை, மேஸ்திரி எல்லாம் பேசித் தீர்த்து, மைலோ குடிக்க உட்கார்ந்துவிடுவார். ஆனால் அப்படிக் கூட நடக்க ஓர் ஆள் ஓய்வாக இருக்க வேண்டுமே! சேருவதற்கு முன் அதைக் கேளுங்கள்: மூன்று மணிக்கு மேல் எத்தனை முதியவர்களுக்கு எத்தனை பேர் இருப்பீர்கள்?

செபராங் ஜெயா தம்பி:
பதிவுச் சான்றிதழையும் பாருங்கள் அக்கா. 1993-ஆம் ஆண்டு பராமரிப்பு மையச் சட்டப்படி, நான்கு பேர் அல்லது அதற்கு மேல், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரம் மூன்று நாளாவது வந்தால் சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். முழுநேர வேலைக்குச் சம்பளம் 1,700 ரிங்கிட்டுக்குக் குறையக் கூடாது. இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி), சொக்சோ (வேலையில் அடிபட்டால் உதவும் காப்புறுதி) இரண்டும் கட்டுகிறார்களா என்று கேளுங்கள். நான் முன்பு இருந்த இடத்தில் சொக்சோ கட்டவில்லை. இடுப்பு பிடித்தபோது முழுக்க என் காசில்தான் வைத்தியம்.

பாயான் லெப்பாஸ் வாசகி:
ரொம்ப நன்றி. வியாழக்கிழமை நேரில் பார்க்கப் போகிறேன். ஊட்டி விடுவதும் என் வேலையாம், அதில் என்ன கவனிக்க வேண்டும்?

ஜெலுத்தோங் அக்கா:
நிமிர்ந்து உட்கார வையுங்கள். அரைக் கரண்டி கொடுத்து, தொண்டை இறங்குவதைப் பார்த்துவிட்டு அடுத்தது. இருமினாலோ, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்குக் கெட்டியாக்கிய தண்ணீர்தான் என்று எழுதியிருந்தால், எவ்வளவு கெஞ்சினாலும் சாதாத் தண்ணீர் கொடுக்காதீர்கள். சாப்பிட்டதும் படுக்க வைக்கவும் கூடாது, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்கட்டும்.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கே போய், நான்கு மணி வரை ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். அதற்கு முகம் சுளித்தால் அந்த இடம் வேண்டாம், ஜெலுத்தோங் பக்கம் நான் விசாரித்துச் சொல்கிறேன்.