எல்.இ.டி. டியூப் வெளிச்சத்தில் தக்காளி நாற்று நூலாக நீண்டு சாய்கிறது, என்ன செய்யலாம்?

கேள்வி
வணக்கம். அறைக்குள் அலமாரியில் ஒரே குழித்தட்டில் தக்காளி, மிளகாய், பேசில் விதைத்திருக்கிறேன். கலவை: கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 3 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு. மேலே 4 அடி நீள 20 வாட் வெள்ளை எல்.இ.டி. டியூப் ஒன்று, தட்டிலிருந்து 40 செ.மீ. உயரத்தில். தினமும் 12 மணி நேரம் எரிகிறது. முளைத்து ஒரு வாரம் தாண்டியும் தக்காளியில் விதையிலை மட்டும்தான். உயரம் 8 செ.மீ., தண்டு நூல் மாதிரி. நேற்று நாலைந்து நாற்றுகள் மண்ணை ஒட்டிய இடத்தில் கருத்து, இற்று விழுந்துவிட்டன. மிளகாய் இன்னும் முளைக்கவே இல்லை. பிளாஸ்டிக் மூடியை எடுக்கவில்லை, காலை மாலை ஸ்ப்ரே செய்கிறேன். உரம் போதவில்லையா?

பதில் 1
இப்போது உரம் வேண்டவே வேண்டாம். நீளுவதற்குக் காரணம் வெளிச்சக் குறைவு. டியூபை நாற்றின் நுனியிலிருந்து 8–10 செ.மீ. உயரத்துக்கு இறக்குங்கள். சங்கிலியில் தொங்கவிட்டால் செடி வளர வளர ஏற்றிக்கொள்ளலாம். ஒரு டியூப் தட்டின் நடுப்பகுதிக்கு மட்டும்தான் போதும். ஓரத்து நாற்றுகள் நடுப்பக்கம் சாயும். 10–12 செ.மீ. இடைவெளியில் இன்னொன்று மாட்டுங்கள்.

மொபைலில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலி போட்டு, இலை மட்டத்தில் திரை மேல்நோக்கி இருக்கும்படி வைத்துப் பாருங்கள். துல்லியம் குறைவுதான், ஆனாலும் கண்ணை நம்புவதைவிட மேல். 12,000–15,000 லக்ஸ் நல்லது. 10,000-க்குக் கீழே என்றால் மூன்றாவது டியூப் தேவை. டைமர் வைத்து 16 மணி நேரம் எரியட்டும்.

பதில் 2
விழுந்தவை நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்வழி நோய்க்கிருமிகள் ஈரமும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் தாக்கும். விழுந்த நாற்று இனிப் பிழைக்காது. அந்தக் குழியின் கலவையோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். மூடியை இன்றே கழற்றுங்கள். முளைத்த பிறகு அதற்கு வேலையில்லை. ஸ்ப்ரேயும் நிறுத்துங்கள்: அது மேல்மண்ணை மட்டும் நனைத்து, தண்டின் அடியை ஓயாமல் ஈரமாக வைக்கிறது.

அடித்தட்டில் 1 செ.மீ. தண்ணீர் ஊற்றி, 20–30 நிமிடம் ஊறியதும் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். மறுபடி எப்போது என்றால், மேற்பரப்பு வெளிர்ந்து, தூக்கினால் தட்டு இலேசாக இருக்கும்போது. சின்ன மின்விசிறி ஒன்றை இலை மெல்ல அசையும் வேகத்தில் வையுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. டியூபை இறக்குவதற்குப் பதிலாக 24 மணி நேரமும் எரியவிட்டால் ஆகாதா? நீண்டுபோன நாற்றுகளைத் தூக்கி எறியத்தான் வேண்டுமா?

பதில் 1
24 மணி நேரம் கூடாது. இருட்டே இல்லாவிட்டால் தக்காளி இலை வெளுத்து மஞ்சளாகும். மங்கலான வெளிச்சத்தை எவ்வளவு நேரம் கொடுத்தாலும் நீளுவது நிற்காது.

தக்காளியை எறிய வேண்டாம். முதல் உண்மை இலை (விதையிலைக்கு அடுத்து வருவது) விரிந்ததும் ஆழமான கப்பில், விதையிலைக்குச் சற்றுக் கீழே வரை தண்டு புதையும்படி நடுங்கள். புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். தண்டைப் பிடிக்காமல் விதையிலையைப் பிடித்துத் தூக்குங்கள். தண்டு நசுங்கினால் செடி போச்சு. மிளகாயை இப்படிப் புதைப்பதில் பெரிய பலன் இல்லை.

பதில் 3
மிளகாய் முளைக்காததற்கு மண்ணின் குளிர்ச்சி காரணமாக இருக்கலாம். அதற்கு 26–30 டிகிரி செல்சியஸ் வேண்டும், தாமதமாகத்தான் முளைக்கும். அடியில் சூடேற்றும் விரிப்பு போடலாம். ஆனால் முளை தலைகாட்டியதும் எடுத்துவிடுங்கள். வெளிச்சம் குறைந்து சூடு கூடினால் நாற்று இன்னும் நீளும். இதனாலேயே தக்காளியையும் மிளகாயையும் ஒரே தட்டில் போடக்கூடாது: ஒன்றுக்கு ஏற்ற உயரத்தில் விளக்கு வைத்தால் மற்றதற்கு எட்டாது.

அடுத்த முறை விதைக்கும்போது மண்புழு உரத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி உப்பை வெளியேற்றுங்கள். உண்மை இலை இரண்டு வந்த பிறகு 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) லிட்டர் தண்ணீருக்கு அரை கிராம், வாரம் ஒரு தடவை போதும்.

கேள்வி கேட்டவர்
மூடியை எடுத்து, இரண்டு டியூபையும் 8 செ.மீ.க்கு இறக்கியாயிற்று. புதிதாக எதுவும் விழவில்லை. ஒரு சில இலைகளின் ஓரம் மட்டும் மேல்நோக்கிச் சுருள்கிறது.

பதில் 1
3 செ.மீ. ஏற்றிப் பாருங்கள், விசிறிக் காற்று நேரடியாகப் படுகிறதா என்றும் கவனியுங்கள். புதிதாக வரும் இலை தட்டையாக விரிந்தால் அந்த உயரமே சரி. பின்னால் டியூபை மாற்றி அதிக வாட் பேனல் வாங்கினால் இந்த அளவைப் பின்பற்றாதீர்கள். பேனலை 30–45 செ.மீ. உயரத்தில் மாட்டி, லக்ஸ் பார்த்து இறக்குங்கள்.