கரு தரிக்கும் முன்பே ஃபோலிக் ஆசிட் தேவையா?

தேனிப்பொண்ணு:
அக்காமாரே, குழந்தைக்குத் திட்டமிடுகிறோம். டாக்டர் ஃபோலிக் ஆசிட் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை எழுதிக் கொடுத்தார். "உண்டாகாமலே எதுக்கு மாத்திரை? முருங்கைக்கீரை தின்னா போதாதா?" என்கிறார் அத்தை. பப்பாளியை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. யார் சொல்வது சரி?

நர்ஸ்அக்கா:
டாக்டர் பக்கம்தான் நான். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக்குழல், கரு உண்டாகி 28 நாளுக்குள் மூடிவிடும்; அது சரியாக மூட ஃபோலிக் ஆசிட் உதவும். அதாவது நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம்; பலருக்கு அப்போது சந்தேகமே வந்திருக்காது. அதனால்தான் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் 400 மைக்ரோகிராம். ஏற்கெனவே நரம்புக்குழல் சரியாக மூடாத குறையோடு குழந்தை பெற்றவர்களுக்கு அளவு வேறு, 4 மில்லிகிராம். 1991-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் இந்த அளவு, அந்தக் குறை மறுபடி வரும் வாய்ப்பை 72 சதவீதம் குறைத்தது. கீரையிலும் இதே வைட்டமின் ஃபோலேட் என்ற வடிவில் உண்டு, ஆனால் வேகவைத்துத் தண்ணீரை வடித்தால் பாதி அதோடு போய்விடும். கீரையை நிறுத்த வேண்டாம், அத்தையும் சமாதானமாவார்!

மதுரைக்காரன்:
வீட்டுக்காரரையும் கவனிங்க தங்கச்சி. விந்தணு உருவாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். சிகரெட் இருந்தால் இப்போதே விடட்டும். எல்லாப் பத்தியமும் பெண்ணுக்கு மட்டும் என்பது என்ன நியாயம்?

நர்ஸ்அக்கா:
சரியாகச் சொன்னீர்கள். அப்புறம் பப்பாளி: ஆய்வில் காயின் பால்தான் எலிகளின் கருப்பையைச் சுருங்க வைத்தது, பழச்சாறு அல்ல. காயைத் தவிர்த்தால் போதும்.

தேனிப்பொண்ணு:
நன்றி அக்கா. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?

நர்ஸ்அக்கா:
எப்போது போட்டாலும் சரி. இரவு பல் துலக்கும்போது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.