லாக்டேட் கூடியிருந்தது என்றார்கள்: ஆட்டிசமும் மைட்டோகாண்ட்ரியாவும்

ஒரு தாய்:
இரண்டேகால் வயதில் கடுங்காய்ச்சல் வந்து தணிந்தபின், என் மகன் அதுவரை பேசிவந்த பத்துப் பன்னிரண்டு சொற்களும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. ஆட்டிசம் என்று உறுதியான பிறகு, அவனுடைய தசைத் தளர்ச்சியையும் சற்று நடந்தாலே சோர்ந்து உட்கார்ந்துவிடுவதையும் கவனித்த நரம்பியல் மருத்துவர், ரத்த லாக்டேட்டைப் பார்க்கச் சொன்னார். செல்லின் ஆற்றலில் பெரும்பகுதியை ஆக்கித்தரும் மைட்டோகாண்ட்ரியா சரிவர இயங்காவிட்டால், குளுக்கோஸ் முழுமையாக எரியாமல் லாக்டேட்டாகத் தேங்கும் என்று அவர் விளக்கினார். முடிவு இயல்பைப்போல் இருமடங்காக வந்தது. அன்றிரவு நான் உறங்கவில்லை. மருத்துவரோ அறிக்கையைப் பார்த்ததும், "ரத்தம் எடுக்கும்போது அழுதானா?" என்றுதான் முதலில் கேட்டார். அழுதானா! மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது. கையை இறுகக் கட்டி, குழந்தை திமிறத் திமிற எடுத்தால் லாக்டேட் பொய்யாகக் கூடிக் காட்டுமாம். மறுமுறை மரத்துப்போகும் களிம்பைத் தடவி, கட்டுப் போடாமல் எடுத்தார்கள், இயல்பாக இருந்தது.

ஆய்வகப் பணியாளர்:
எடுத்த ரத்தத்தை உடனே பனிக்கட்டியில் வைக்காமல் மேசையில் விட்டாலும், ரத்த அணுக்களே குளுக்கோஸைச் செலவழித்து லாக்டேட்டைக் கூட்டிவிடும். இந்தத் தவற்றை நானே செய்து, ஒரு குழந்தையை மீண்டும் ஊசிக்கு வரவழைத்திருக்கிறேன்.

ஒரு தந்தை:
எங்கள் மகளுக்கு மூன்று முறையும் கூடியே இருந்தது. அப்போதும் மருத்துவர் அதை நோய் என்று சொல்லிவிடவில்லை. 2012இல் ரோசிக்னோல், ஃபிரை என்ற ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு லாக்டேட் கூடியிருந்தது. ஆனால் மைட்டோகாண்ட்ரியா நோய் என்று வரையறுக்க முடிந்தவர்கள் சுமார் 5 விழுக்காட்டினரே. எங்களுக்கு மரபணுப் பரிசோதனைதான் விடை தந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த மரபணுக்கள் 37 மட்டுமே, அவை தாய்வழி வருபவை என்று எங்கோ படித்துவிட்டு, என் மனைவி பல மாதங்கள் தன்னையே நொந்துகொண்டிருந்தாள். கண்டறியப்பட்ட குறையோ செல்லின் உட்கருவிலுள்ள ஒரு மரபணுவில் இருந்தது. எங்கள் இருவரிடமிருந்தும் குறையுள்ள பிரதி ஒவ்வொன்று வந்திருந்தது. செல்லின் ஆற்றல் ஆக்கத்துக்குத் துணையாகும் சத்துகளான கார்னிடினும் கோஎன்சைம் க்யூ 10-உம் தருகிறோம். சோர்வு சற்றுக் குறைந்திருக்கிறது, அது மருந்தாலா வளர்ச்சியாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது, பேச்சில் மாற்றமில்லை. உண்மையில் மாறியது எங்கள் எச்சரிக்கைதான்: நெடுநேரம் பட்டினி கூடாது, காய்ச்சலைத் தள்ளிப்போடக் கூடாது, வலிப்பு வந்தால் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கூடாது. இவற்றை மருத்துவர் எழுதித் தந்த கடிதம் எப்போதும் என் பையில் இருக்கும். அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் அதைத்தான் முதலில் நீட்டுகிறேன்.