துருப்பிடித்த வேகன்: காப்பாற்றுகிறோமா, காசு பார்க்கிறோமா?

லைன்வீட்டுப் பையன்:
மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் தொழிலாளர் லைன்களில் கிடக்கும் பழைய டட்சன் 120ஒய் வேகன் கார்களைச் சிலர் இரும்பு விலைக்கு வாங்கி, அடியில் துருவை மறைக்கக் கறுப்பு அண்டர்சீல் பூச்சு அடித்து, ‘ப்ராஜெக்ட் காடி’ (சரிசெய்து ஓட்ட வேண்டிய கார்) என்று பல மடங்கு விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இதை நான் ஏமாற்று என்றுதான் சொல்வேன். அண்மையில் ஒன்றைப் பார்க்கப் போனேன். ‘லேசான துரு’ என்று போட்டிருந்தார்கள். பின்பக்கக் கம்பளத்தைத் தூக்கினால் ஸ்பேர் டயர் குழியில் தகரமே இல்லை, தரை தெரிகிறது. லீப் ஸ்பிரிங் மாட்டும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், பிடி வரை உள்ளே போனது.

பட்டறைக்காரன்:
தம்பி, நானும் வாங்கி விற்பவன்தான். நான் எடுக்காவிட்டால் அந்தக் காடியைப் பழைய இரும்பு லோரி கிலோ கணக்கில் தூக்கிப்போகும். இழுத்துவரும் கூலி, டயர், பிரேக் பம்பு எல்லாம் என் கைக்காசு. கிரான் (காரின் உரிமைப் பத்திரம்) இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுகளைத் தேடிப்பிடித்து, வாரிசுச் சொத்துக்கு அமானா ராயா, பெயர் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே என்று அலைவதும் நான்தான். உழைப்புக்கு விலை வேண்டாமா? அந்த ஏ12 இன்ஜின் 1171 சிசி. பழைய ஃபோர்மேன் (மெக்கானிக்) யாரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார்.

செம்பனைக்காட்டான்:
அண்ணே, இன்ஜினைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. வேகனில் சிக்கலே பின்பாதிதான். பானெட், ஹெட்லைட் எல்லாம் செடானிலிருந்து எடுத்து மாட்டலாம். பின்கதவு, பக்கக் கண்ணாடி, அதன் ரப்பர் இதற்கெல்லாம் எங்கே போவது? ரப்பர் காய்ந்து வெடித்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, கம்பளத்துக்கு அடியிலேயே நிற்கும். எஸ்டேட் செம்மண் வேறு சக்கர வளைவின் மடிப்பில் அப்பிக்கொண்டு ஈரம் காயவே விடாது. அதன்மேல் அண்டர்சீல் அடித்தால் துரு உள்ளுக்குள்ளே தின்றுகொண்டே போகும். பெயர் மாற்ற, வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோம் போனால் சேஸி நம்பரைப் பார்ப்பார்கள். அந்த இடமே அரித்துப்போயிருந்தால் காசு கொடுத்தவன் கதி?

கிராணி மகள்:
எல்லோரும் வாங்குபவர் பக்கமே பேசுகிறீர்கள். எங்கள் அப்பாவின் வேகனை அம்மாதான் விற்றார். திருவிழா என்றால் கோயில் சாமான் மொத்தமும் அதில்தான் போகும். வந்தவர், “இது வெறும் தகரம்மா” என்று சொல்லிச் சில நூறு வெள்ளி கொடுத்தார். பிறகு விளம்பரத்தில் அதே காடி, ‘அரிய வேகன்’ என்று ஆயிரக்கணக்கில். லாபம் பார்க்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் அரியது என்று தெரிந்துதானே வந்தார்? வயதான அம்மாவிடம் அதை மறைப்பது தவறு.

பட்டறைக்காரன்:
தங்கச்சி, அப்படிச் சொல்லி வாங்குவது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்ட விலைக்கு மேல் நானாகக் கொடுக்க வேண்டும் என்றால் அது வியாபாரத்துக்கு ஒத்துவராது. எத்தனையோ காடி விலைபோகாமல் என் பட்டறையில் கிடக்கிறது. அந்த நட்டத்தில் யாரும் பங்கு கேட்டு வருவதில்லை.

லைன்வீட்டுப் பையன்:
விலையை விடுங்கள் அண்ணே, அது உங்கள் பாடு. விற்பதற்கு முன் அண்டர்சீல் அடிக்காதீர்கள். கம்பளத்தை எடுத்துவிட்டு அடித்தளம், சக்கர வளைவு, சேஸி நம்பர் மூன்றையும் படம் எடுத்துப் போடுங்கள். துருப்பிடித்த ஓட்டையை அடைக்கப் புட்டிப் பசை அடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது, அதையும் வாங்குபவர் முன்னால் வைத்துக் காட்டுங்கள்.

பட்டறைக்காரன்:
சரி, படம் போடுகிறேன். காந்தத்தோடு வாருங்கள், தடுக்கமாட்டேன். விலையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

கிராணி மகள்:
விலைதான் அண்ணே எனக்குப் பேச்சே.