காட்ஸில்லா எங்கிருந்து வந்தது? குடும்பக் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

குழு: ஆற்றங்கரை வீட்டுச் சொந்தங்கள்

செல்வி (மதியம் 1:12)
[படம்]
[படம்]
இன்று கவினைக் கூட்டிக்கொண்டு இங்கே டோக்கியோவில் இருக்கும் யுமெனோஷிமா போய்வந்தேன். எங்கள் நிஷிகசாயிலிருந்து பக்கம்தான். படத்தில் இருப்பது டைகோ ஃபுகுர்யூ மாரு, சூரை மீன் பிடித்த கப்பல். முழுக்க மரம். கப்பலை அப்படியே நிறுத்தி அதற்கென்று மண்டபம் கட்டி வைத்திருக்கிறார்கள்.

மீனா அத்தை (1:15)
நன்றாக இருக்கிறது கண்ணு. கவின் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான்? பசியா?

செல்வி (1:16)
பசி இல்லை அத்தை. அங்கே ஒரு கேள்வி கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பெரியப்பா, பிரபு, இருக்கிறீர்களா?

பிரபு (1:17)
சொல்லுங்க அக்கா.

செல்வி (1:24)
1954 மார்ச் 1, விடியற்காலை. இந்தக் கப்பலில் 23 பேர். அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டுச் சோதனை நடத்திய பிகினி தீவிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, அமெரிக்கா ஆபத்தான பகுதி என்று அறிவித்த எல்லைக்கு வெளியே நின்றிருந்தார்கள். மேற்கே சூரியன் உதித்ததுபோல் வானம் வெளுத்தது. கொஞ்ச நேரம் கழித்து வெள்ளையாகச் சாம்பல் விழுந்தது, மணிக்கணக்கில். தலையில், சட்டைக்குள், கப்பல் தளத்தில். யாய்ஸு துறைமுகத்துக்குத் திரும்பி வருவதற்குள் எல்லோருக்கும் தோல் கருத்து, முடி கொட்டத் தொடங்கிவிட்டது. ரேடியோ பார்த்தவர் குபோயாமா. வயது 40. செப்டம்பர் 23 அன்று இறந்துபோனார்.

அந்தச் சாம்பலைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் வைத்திருக்கிறார்கள். கவின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தான். "உப்பு மாதிரி இருக்கும்மா" என்றான்.

பெரியப்பா (1:31)
அது பவளப் பாறைதான் அம்மா. குண்டை வைத்தது பவளத் திட்டின் மேல். பாறை பொடியாகி மேலே போய், கதிரியக்கத்தோடு கீழே இறங்கியது. சுமார் 6 மெகாடன் வரும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், 15 வந்தது. குண்டுக்குள் இருந்த லித்தியம் 7 சும்மா கிடக்கும் என்று நினைத்தார்கள், அதுவும் வினையில் சேர்ந்துகொண்டது. ஹிரோஷிமாவில் போட்டதைப்போல் ஆயிரம் மடங்கு. வகுப்பில் இதைச் சொல்லும்போது பையன்கள் ஒரு நிமிடம் வாயே திறக்க மாட்டார்கள்.
கவின் என்ன கேட்டான்?

செல்வி (1:33)
"அம்மா, அந்தக் குண்டை காட்ஸில்லாவைக் கொல்லத்தானே போட்டார்கள்? இந்த அண்ணன்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்களா?"
இதுதான் பெரியப்பா.

பிரபு (1:34)
2014 ஹாலிவுட் படம். அதில் அப்படித்தான் வரும். போன லீவில் நான்தான் அவனுக்குப் போட்டுக் காட்டினேன். 😔

மீனா அத்தை (1:35)
குழந்தை படத்தில் பார்த்ததைச் சொல்லியிருக்கிறான். இதற்கு ஏன் இவ்வளவு வருத்தம்?

செல்வி (1:41)
அத்தை, பக்கத்திலேயே ஒரு ஜப்பானியப் பாட்டி நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் புரியாது என்பதுதான் எனக்கு ஆறுதல். பசிபிக்கில் போட்ட குண்டுகள் சோதனை இல்லை, ஒரு ராட்சத மிருகத்தைக் கொல்லப் பார்த்தார்கள் என்று அந்தப் படம் சொல்கிறது. கேட்கும் குழந்தைக்கு, குண்டு போட்டவர்கள் காப்பாற்ற வந்தவர்களாகத் தெரிகிறார்கள். அந்தக் கப்பலின் அடியில் நின்றுகொண்டு அதைக் கேட்க முடியவில்லை.

பிரபு (1:44)
அக்கா சொல்வது சரி. ஆனால் அந்தப் படத்திலேயே ஜப்பானிய விஞ்ஞானி 8:15க்கு நின்றுபோன தன் அப்பாவின் பாக்கெட் கடிகாரத்தை எடுத்துக் காட்டுவார். ஹிரோஷிமாவை அவர்கள் மறக்கவில்லை. மூலக்கதையைத்தான் தலைகீழாகப் புரட்டிவிட்டார்கள்.

பெரியப்பா (1:46)
முதல் படத்தில் என்ன காரணம்? நான் சின்ன வயதில் பார்த்தபோது அது குட்டியோடு தீவில் இருந்தது, நல்ல மிருகம்.

பிரபு (1:58)
அது அறுபதுகளின் படமாக இருக்கும் அப்பா. முதல் படம் 1954 நவம்பர் 3. அக்கா சொன்ன குபோயாமா இறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. தோஹோ நிறுவனம், இயக்கம் இஷிரோ ஹோண்டா. போர் முடிந்து சீனாவிலிருந்து ஊர் திரும்பும்போது ஹிரோஷிமா வழியாக வந்தவர். கொரில்லாவுக்கு அவர்கள் கொரிரா என்பார்கள், திமிங்கலத்துக்கு குஜிரா. இரண்டையும் சேர்த்து கோஜிரா.

படம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஒரு சின்னக் கப்பல். மேல்தளத்தில் மாலுமிகள் ஓய்வாக உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் கிதார் வாசிக்கிறார். சட்டென்று கடல் வெளுக்கிறது. மிருகம் கண்ணில் படுவதே இல்லை, வெளிச்சம்தான். அன்று அரங்கில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அது எந்தக் கப்பல் என்று தெரிந்திருக்கும்.

பெரியப்பா (2:00)
அப்படியானால் குண்டு அதைப் பெற்றது.

பிரபு (2:07)
பெற்றது என்பதைவிடக் கிளப்பிவிட்டது. ஜுராசிக் காலத்து உயிர், கடலுக்கடியில் எங்கோ ஒதுங்கி வாழ்ந்தது, ஹைட்ரஜன் குண்டு அதன் இருப்பிடத்தைக் கலைத்துவிட்டது என்று பேராசிரியர் யமானே சொல்வார். கால்தடத்தில் ஸ்ட்ரான்சியம் 90 கிடைக்கும், அணுகுண்டு விட்டுப்போகும் கதிரியக்கப் பொருள் அது. ஓடோ தீவுக் கிழவர் ஒருவர் வேறு கதை சொல்வார். மீன் கிடைக்காத காலத்தில் பெண்பிள்ளைகளைப் பலியாகக் கடலில் விட்டார்களாம், அந்தக் கோஜிராதான் இது என்று. ஆக, முதல் படத்திலேயே இரண்டு மூலம். ஊர் சொல்வது ஒன்று, விஞ்ஞானி சொல்வது ஒன்று.

மீனா அத்தை (2:09)
பெண்பிள்ளைகளையா! கடல் எங்கே இருந்தாலும் கதை இப்படித்தான்.

செல்வி (2:15)
அதில் எனக்கு மறக்காத இடம் ரயில் காட்சி. வேலைக்குப் போகும் ஒரு பெண், கதிர்வீச்சு மீன், கதிர்வீச்சு மழை, இப்போது இந்தக் கோஜிரா வேறு என்று சலித்துக்கொள்வாள். நாகசாகியில் தப்பி வந்த உயிராயிற்றே என்பாள். காய்கறி விலை பேசுவதுபோல் பேசுவாள். 1956இல் அமெரிக்காவில் வெட்டி ஒட்டி வெளியிட்டபோது அந்தப் பேச்சு போய்விட்டது. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கோஜிரா வரும் என்று யமானே கடைசியில் சொல்வதும் போய்விட்டது.

பெரியப்பா (2:17)
போக வேண்டியதா அது? படத்தின் உயிரே அந்த வரிதானே.

செல்வி (2:18)
அதேதான் பெரியப்பா.

பிரபு (2:33)
அப்பா, இதற்குப் பிறகு மூலக்கதை மாறிக்கொண்டே போனது. 1991 படத்தைச் சொல்கிறேன், கேளுங்கள். 1944, லாகோஸ் என்று ஒரு தீவு. ஜப்பானியப் படை சிக்கிக்கொண்டிருக்கிறது. காட்டுக்குள்ளிருந்து ஒரு டைனோசர் வந்து அமெரிக்க வீரர்களைத் துரத்துகிறது, தானும் குண்டடிபட்டு விழுகிறது. ஜப்பானியத் தளபதி அதற்கு சல்யூட் அடித்துவிட்டுக் கிளம்புகிறார். பிறகு அந்தத் தீவுப்பக்கம் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் அது காட்ஸில்லா ஆகிறது. எதிர்காலத்திலிருந்து வருபவர்கள், இதை ஆரம்பத்திலேயே நிறுத்திவிடலாம் என்று அந்த டைனோசரைத் தூக்கி பெரிங் கடலில் போடுகிறார்கள். அங்கே அணுசக்தி நீர்மூழ்கி ஒன்று மூழ்கிக் கிடக்கிறது. மறுபடியும் காட்ஸில்லா.

கடைசியில் அந்தத் தளபதி பெரிய தொழிலதிபராகி, உயரமான கட்டடத்தில் தனியாக நிற்கிறார். காட்ஸில்லா ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று அவரைப் பார்க்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். அவர் கண் கலங்குகிறது. அடுத்த நொடி அது அவரை அழித்துவிடுகிறது.

மீனா அத்தை (2:35)
ஐயோ. காப்பாற்றிய அதே கையாலா?

பிரபு (2:36)
ஆமாம் அத்தை. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கும்.

செல்வி (2:46)
என் மனதில் நிற்பது 2001. ஷுசுகே கனேகோ எடுத்தது. அதில் காட்ஸில்லாவுக்குக் கண்மணி கிடையாது, வெறும் வெள்ளை. பசிபிக் போரில் செத்தவர்களின் ஆவிகள் உள்ளே புகுந்திருக்கின்றன, ஜப்பானியர்கள் கொன்றவர்களும் அதில் உண்டு. தங்களை மறந்துவிட்டார்கள் என்ற கோபம். அதுவரை அமெரிக்கக் குண்டு செய்த வேலை, எங்களுக்கு வந்த வேதனை என்றே போய்க்கொண்டிருந்தது. இதில், நாம் செய்ததும் உண்டு என்று அவர்களே எடுத்துச் சொன்னார்கள். அதற்குத் துணிச்சல் வேண்டும்.

பெரியப்பா (2:48)
வேண்டும். சொந்த வீட்டுத் தப்பைச் சபையில் ஒப்புக்கொள்வது லேசுப்பட்ட காரியமா?

பிரபு (2:58)
2016 படத்தில் வெளிநாட்டுக் குண்டும் இல்லை, ஆவியும் இல்லை. கடலில் கொட்டிய அணுக்கழிவைத் தின்று வளர்ந்தது. 2011 சுனாமியும் ஃபுகுஷிமாவும் முடிந்து ஐந்து வருடம். முதலில் ஊர்ந்து வரும்போது ஆற்றில் நின்ற படகுகளையெல்லாம் தள்ளிக்கொண்டு வரும் பாருங்கள், அது அப்படியே சுனாமி. கடைசியில் கான்கிரீட் பம்ப் லாரிகளை வரிசையாகக் கொண்டுபோய் அதன் வாயில் மருந்தை ஊற்றி உறைய வைப்பார்கள். ஃபுகுஷிமாவிலும் அந்த மாதிரி லாரிகளால்தான் தண்ணீர் ஊற்றினார்கள். படம் முடியும்போதும் அது டோக்கியோ நடுவில் நின்றுகொண்டே இருக்கும்.

செல்வி (3:01)
அதில் காலியாக மிதக்கும் படகின் பெயர் குளோரி மாரு. 1954 படத்தில் முதலில் எரியும் கப்பல் எய்கோ மாரு. எய்கோ என்றாலும் மகிமைதான் அர்த்தம்.

பிரபு (3:02)
அக்கா!! இத்தனை நாளாக இதை நான் கவனிக்கவே இல்லை.

பெரியப்பா (3:04)
ஆஸ்கர் வாங்கியதே, அது?

பிரபு (3:09)
2023இல் வந்தது அப்பா, விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர். 1945இலேயே ஓடோ தீவில் டைனோசர் அளவில் இருக்கிறது. 1946இல் பிகினியில் நடந்த சோதனைக்குப் பிறகு மலைபோல் ஆகிறது. தற்கொலைப்படையிலிருந்து தப்பி வந்த விமானி ஒருவன், சுட வேண்டிய நேரத்தில் அதைச் சுடாமல் விட்டுவிடுகிறான். அவனுக்கு அது தன் குற்ற உணர்ச்சிதான்.

செல்வி (3:18)
எல்லாவற்றையும் கேட்ட பிறகு எனக்கு இப்படித் தோன்றுகிறது. கதையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றட்டும். கழிவு என்று சொல்லட்டும், ஆவி என்று சொல்லட்டும். ஜப்பானில் எடுத்த இந்தப் படங்களில், யாரோ செய்த ஒன்றுக்குப் பதிலாகத்தான் அது எழுந்து வருகிறது. செய்தவர்களை விட்டுவிட்டு மிருகத்தின் மேல் பழியைப் போட்டால், என் பிள்ளை அந்தக் குப்பியைப் பார்த்தும் பார்க்காதவனாகிவிடுவான்.

பெரியப்பா (3:21)
அவனிடம் இதையே சொல் அம்மா. ஒன்பது வயதுக்குப் புரியும். முதலில் கப்பல், பிறகுதான் காட்ஸில்லா. வரிசை அவ்வளவுதான். இன்று இரவு வீடியோ காலில் நானும் பேசுகிறேன்.

பிரபு (3:22)
அக்கா, 1954 படத்தின் முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் அவனுக்குக் காட்டுங்கள். மீதி அவன் வளர்ந்த பிறகு போதும். அம்மாவும் பிள்ளைகளும் ஒட்டி உட்கார்ந்திருக்கும் காட்சி வரும், அதை இப்போது அவன் தாங்க மாட்டான்.

செல்வி (3:23)
சரி பிரபு.

செல்வி (மாலை 6:40)
முதல் ஐந்து நிமிடம் பார்த்தான். பெரியப்பாவோடும் பேசினான். பிறகு யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய் உட்கார்ந்து இதை வரைந்தான்.
[படம்]

பெரியப்பா (6:44)
காட்ஸில்லாவைக் காணோமே.

செல்வி (6:45)
அது இன்னும் வரவில்லையாம் பெரியப்பா. அடுத்த பக்கத்தில் வருமாம்.

மீனா அத்தை (6:52)
கண்ணு, கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். 22 பேர்தான் இருக்கிறார்கள். ஒருவரை விட்டுவிட்டானா?

செல்வி (6:55)
கேட்டேன் அத்தை. ஒருவர் ரேடியோ அறையில் வேலையாக இருக்கிறாராம். வெளியே தெரியாது என்கிறான்.