முட்டி ஜவ்வுக் காயம்: மதுரையில் நல்ல பிசியோ யாராவது தெரியுமா?

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் அலங்காநல்லூர் பக்கம். தம்பி கபடியில் ரைடு போனபோது எதிரணிக்காரர்கள் பக்கவாட்டில் விழுந்து அமுக்கியதில் வலது முட்டியின் உட்பக்க ஜவ்வு பாதி கிழிந்துவிட்டது. எம்ஆர்ஐயில் எம்சிஎல் கிரேடு 2 என்று வந்திருக்கிறது. மற்ற ஜவ்வுகளுக்கு ஒன்றும் இல்லை. இந்த ஜவ்வுக்கு ரத்த ஓட்டம் நன்றாக உண்டு, பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும், ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி டாக்டர் பிரேஸ் போட்டு அனுப்பினார்.

வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் தொடை சூம்பிப் போயிருக்கிறது. காலை நீட்டித் தூக்கச் சொன்னால் முட்டி லேசாக மடங்கி, தொடை நடுங்குகிறது. இப்போது போகும் இடத்தில் கரண்ட் வைத்து, ஒத்தடம் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பயிற்சி எதுவும் சொல்லித் தருவதில்லை. தொடைக்கு வலு வராமல் களத்தில் இறங்கினால் மறுபடியும் அடிபடும் என்பதுதான் என் பயம். எண்ணெய் போட்டு நீவிவிடலாம் என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். ஆறிக்கொண்டிருக்கும் ஜவ்வை அழுத்தி நீவ எனக்கு மனமில்லை.

தல்லாகுளம், கே.கே.நகர் பக்கம் விளையாட்டுப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய பிசியோ யாராவது இருக்கிறார்களா? ஓட்டம், சட்டென்று திரும்புதல், ஒற்றைக்கால் தாவல் வரை படிப்படியாகச் செய்ய வைத்து, நல்ல காலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஆட விடுபவராக வேண்டும். பெரியாஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவுக்குப் போனவர்கள் இருந்தால் அங்கே எப்படி என்று சொல்லுங்கள். அப்புறம், இதே காயத்திலிருந்து கபடிக்குத் திரும்பிய அண்ணன் தம்பிகள் யாராவது இருந்தால் அவனிடம் இரண்டு வார்த்தை பேச முடியுமா? ரொம்பவே உடைந்து போயிருக்கிறான்.